கொல்லிமலைக்கு அம்மாவோட போறேன், கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம். ஆடி 18 வல்வில் ஓரி விழாக் கூட்டம் முடிஞ்சதும் அம்மாவை நாமக்கல், கொல்லிமலை கூட்டிட்டுப் போறேன். நாமக்கல்ல கவலை இல்ல. கூரையில்லாம நிக்கிற 18 அடி ஆஞ்சநேயர், மலையைக் குடைஞ்ச நரசிம்மர் கோயில் ரெண்டும் கீழேயே இருக்கு. (அந்தக் குடைவரைச் சிற்பங்கள் முன்னாடி நின்னா நான் நகரமாட்டேன், அம்மா திட்டுவாங்க.)

சிக்கல் மலைதான். அடிவாரத்துல இருக்கிற காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்குப் பத்தாவது வளைவுலயே குமட்டும். முள்ளுக்குறிச்சி வழியா போனவங்க யாராவது இருக்கீங்களா? சின்ன கார் தாங்குமா, ரோடு இப்போ எப்படி?

மலை மேல இருக்கிற அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்க்கணும்ங்கிறது அம்மாவோட ரொம்ப நாள் ஆசை. பக்கத்துல இருக்கிற ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி, அவங்க முழங்காலுக்கு ஆகவே ஆகாது. நான் இறங்கி ஏறி வர்ற வரைக்கும் கோயில் பக்கத்துல அவங்க உட்கார நிழலான இடம் கிடைக்குமா? படியேற உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?

ராத்திரி தங்க செம்மேடு பக்கம் சுத்தமான அறை, வெஸ்டர்ன் டாய்லெட்டோட, தெரிஞ்சா சொல்லுங்க. அது ரொம்ப முக்கியம். அப்புறம், மலை மிளகு எங்க வாங்கலாம்?