டிஐசி என்று டாக்டர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார், டி65 போடலாமா?

கேள்வி (புதுக் கோடர், சென்னை)

ஐபி-டிஆர்ஜி (உள்நோயாளி சார்ட்டுகளுக்கு நோய்க் கோட் போட்டு, டிஆர்ஜி என்ற பில் தொகுப்பை முடிவு செய்யும் வேலை) பக்கம் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன வாரம் வந்த அமெரிக்க சார்ட் ஒன்றில் சிறுநீர்த் தொற்றில் தொடங்கி ஈ.கோலை செப்சிஸ் (தொற்று உடம்பெங்கும் பரவி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை), செப்டிக் ஷாக். செப்சிஸுக்கு ஏ41.51, ஷாக்குக்கு ஆர்65.21, சிறுநீர்த் தொற்றுக்கு என்39.0 வரை குழப்பமில்லை. மூன்றாம் நாள் பிளேட்லெட் 42,000, ஃபைப்ரினோஜன் 90, டி-டைமர் எக்கச்சக்கம், ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தக் கசிவு, கிரையோ (ஃபைப்ரினோஜன் போன்ற உறைதல் புரதங்கள் அடங்கிய ரத்தப் பொருள்) ஏற்றியிருக்கிறார்கள். அன்றைய ஐசியூ நோட்டில் "பாசிபிள் டிஐசி" (உடம்பெங்கும் ரத்தம் உறையும் நோயாக இருக்கலாம்) என்று ஒரு வரி. மறுநாளிலிருந்து வெறும் "கோயகுலோபதி" (ரத்தம் உறைவதில் கோளாறு), டிஸ்சார்ஜ் சம்மரியில் அதுவும் இல்லை. நான் டிஐசிக்கான டி65 கோடைப் போட்டேன், ஆடிட்டில் பிழை என்று வந்துவிட்டது. லேப் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எப்படிப் பிழையாகும்?

பதில் 1

ஆடிட்டர் சொன்னது சரிதான் தம்பி. ஐபி-யில் பாசிபிள், ப்ராபபிள் என்று எழுதியதை உறுதியானது போலவே கோட் செய்யலாம் என்ற விதி உண்டு, ஆனால் டிஸ்சார்ஜ் சமயத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் எழுதிவிட்டு அப்புறம் யாருமே அதைத் தொடவில்லை என்றால் அது செல்லாது. லேப் எண்ணை வைத்து நாமே நோயை முடிவு செய்யக்கூடாது என்பது தெரிந்ததுதானே. கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் கோயகுலோபதிக்கு டி68.9 வரும், சிகிச்சை கொடுத்திருக்கிறார்களே. டி65 வேண்டுமென்றால் டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் குவரி அனுப்பு.

பதில் 2 (முன்பு ஐசியூ நர்ஸ்)

குவரி அனுப்புவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கேள்வியை நன்றாக எழுதலாம். கிருமியின் தூண்டுதலில் உடம்பெங்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது, அதிலேயே பிளேட்லெட்டும் உறைய வைக்கும் புரதங்களும் தீர்ந்துபோகின்றன, அதனால் அதே நோயாளிக்கு ஒரு பக்கம் உறைவு, இன்னொரு பக்கம் நிற்காத ரத்தப்போக்கு. நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. டிஐசி-யைக் கணிக்கும் ஐஎஸ்டிஎச் மதிப்பெண்ணில் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே என்றால் 2, டி-டைமர் மிக அதிகம் என்றால் 3, ஃபைப்ரினோஜன் 100-க்குக் கீழே என்றால் 1. பிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) சோதனையைச் சேர்க்காமலே உங்கள் சார்ட் 6 தொட்டுவிட்டது, 5 இருந்தாலே ஓவர்ட் (வெளிப்படையான) டிஐசி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கல்லீரல் கெட்டுப்போனாலும் இதே மாதிரி எண்கள் வரலாம், அதனால்தான் டாக்டர் வாயிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். குவரியில் "டிஐசி தானே?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அது பதிலை நாமே ஊட்டும் லீடிங் குவரி. எண்களையும் கிரையோ ஏற்றியதையும் எழுதிவிட்டு, டிஐசி, கல்லீரல் காரணமான கோயகுலோபதி, வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியவில்லை என்று வாய்ப்புகளைக் கொடுங்கள்.

பதில் 3

இதை வைத்துப் பிரசவ சார்ட்டிலும் டி65 போட்டுவிடாதீர்கள், எங்கள் டீமில் அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே எக்ஸ்க்ளூட்ஸ் 1 (அந்த நிலைக்கு இந்தக் கோடைப் போடக்கூடாது என்ற குறிப்பு) இருக்கிறது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து டிஐசி வந்தால் ஓ45.02 வரிசை, பிரசவத்துக்குப் பிறகு என்றால் ஓ72.3, பிறந்த குழந்தைக்கு பி60 (P60).

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஆர்65.21 ஏற்கனவே எம்சிசி (பில் தொகுப்பை உயர்த்தும் பெரிய சிக்கல்), டிஆர்ஜி எப்படியும் 871 தான், எதற்குக் குவரி என்று எங்கள் லீட் கேட்கிறார்.

பதில் 1

டிஆர்ஜி மாறாவிட்டாலும் அந்த நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் இருந்தார் என்பது அந்தக் கோடில்தான் தெரியும். ஆர்65.2-க்குக் கீழேயே உறுப்பு செயலிழப்பை இன்னொரு கோடாகப் போடச் சொல்லியிருக்கிறது, அந்தப் பட்டியலில் டி65 பெயரோடு இருக்கிறது. லீடிடம் அந்தப் பக்கத்தைக் காட்டு.

கேட்டவர்

காட்டினேன், அனுப்பச் சொல்லிவிட்டார். இன்று பதில் வந்தது. டாக்டர் டிஐசி என்று எழுதவில்லை, "செப்சிஸால் கன்சம்ப்டிவ் கோயகுலோபதி" (உறைதல் பொருள்கள் தீர்ந்துபோவதால் வரும் கோளாறு) என்று பின்குறிப்பாக அடெண்டம் போட்டிருக்கிறார். கோட் இன்டெக்ஸில் பார்த்தால் கன்சம்ப்ஷன் என்பதும் டி65-க்குத்தான் போகிறது, சரிதானே?

பதில் 2

சரிதான். அதுவும் அதே நோய்தான், பெயர் மட்டும் வேறு. டி68.9-ஐ எடுத்துவிடுங்கள். பிஓஏ-வை (அட்மிஷன் சமயத்திலேயே இருந்ததா என்ற குறியீடு) மட்டும் கவனியுங்கள், வந்த அன்றைக்கு பிளேட்லெட் எவ்வளவு இருந்தது?