ஆள் குடியிருக்கும் ஃபிளாட்டை விற்க வேண்டும், வீடோ குப்பையாகக் கிடக்கிறது

வேளச்சேரி_2ஆம்_மாடி கேட்டது:

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். 11 மாத அக்ரிமென்ட் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுப்பிக்கவில்லை, வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆளும் சண்டைக்காரர் இல்லை. வீட்டை வைத்திருக்கும் லட்சணம்தான் பிரச்சினை. ஹால் முழுக்க அட்டைப்பெட்டி, பழைய துணி மூட்டை. அடுப்பு மேடையில் பிசுக்கு, கரப்பான். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை உப்பு. ஒரு படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை.

68 லட்சத்துக்கு விற்கலாம் என்று இருக்கிறேன். பார்க்க வருபவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்புகிறார்கள். ஆளைக் காலி செய்யச் சொல்லிவிட்டு விற்பதா, ஆளோடு விற்பதா? "விற்கப் போகிறேன், கிளம்புங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? அவர் இருக்கும்போதே வீட்டைக் காட்டும்படியாக ஆக்க வழி உண்டா?

---

கிரயப்பத்திரம் எழுதியது:

ஆளோடு விற்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் உங்கள் இடத்தில் வந்து நிற்பார். வாடகை வாங்கும் உரிமையும் அவருக்குப் போகும், வாடகைதாரருக்குச் செய்ய வேண்டிய கடமைகளும் அவர் தலையில் ஏறும்.

"விற்கிறேன், கிளம்பு" என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் வருட வாடகைச் சட்டம். காலி செய்யக் கோருவதற்கான காரணங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன: ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது, வாடகை பாக்கி, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, சொந்தத் தேவை என்று போகும். "விற்க வேண்டும்" என்பது தனிக் காரணமாக அதில் கிடையாது. உங்களிடம் நடப்பில் எழுத்து ஒப்பந்தமே இல்லாததால் முதல் காரணத்தைப் பிடித்து ரென்ட் கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் ஒழுங்காக வாடகை தரும் ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்தால் அன்றைக்கே வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். வழக்கு நடக்கும் வீட்டை வாங்க யாரும் வரவும் மாட்டார்கள். 15 நாள் நோட்டீஸ் விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நோட்டீஸால் ஒருவரும் வெளியே போனதில்லை. தண்ணீர், கரண்ட்டை நிறுத்தி விரட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதே சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

ஆகவே பேசித்தான் முடிக்க வேண்டும். பேச்சின் மையம் அந்த ஒரு லட்சம் அட்வான்ஸ். வீட்டை இப்படி வைத்திருப்பவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும்: "கிளீனிங், பெயிண்ட் என்று பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்." அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். அதை விட்டுக்கொடுங்கள். கடைசி மாத வாடகையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொத்தம் 36,000. உங்கள் விலையில் ஒரு சதவீதமே 68,000 ஆகிறது. குப்பை வீட்டைப் பார்த்து ஒரு பார்ட்டி குறைத்துக் கேட்கும் தொகை அதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இதை வாய்ப்பேச்சில் விட வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும். காலி செய்யும் தேதி, சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் முழுதும் வங்கி வழியே வரும் என்ற உறுதி, அதுவரை வாரத்தில் எந்த நாட்களில் வீட்டைக் காட்டலாம், விட்டுச் செல்லும் பொருட்கள் தனக்குத் தேவையில்லை என்ற ஒரு வரி. இருவர் கையெழுத்தும், இரண்டு பிரதியும். அந்தப் பொருட்கள் பற்றிய வரியை எழுத மறந்துவிடுகிறார்கள். மூட்டைகளைக் காயலான் கடையில் போட்ட பிறகு "அதற்குள் என் சர்டிபிகேட் இருந்தது" என்று ஒரு பேச்சு வரும். இந்தக் கடிதம் கையில் வந்த பிறகுதான் வாங்குபவரோடு கிரய ஒப்பந்தம், அதாவது பத்திரத்துக்கு முன் செய்துகொள்ளும் விற்பனை ஒப்பந்தம், போட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும், எனவே அதில் நீங்கள் வாக்குக் கொடுக்கும் தேதி விளையாட்டில்லை.

---

சுவர்_ஈரம் எழுதியது:

குப்பை, அழுக்கு, சேதம் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். அட்டைப்பெட்டி ஆளோடு போய்விடும், அதற்காக ஒரு ரூபாய்கூட விலை குறைய வேண்டியதில்லை. பிசுக்கும் உப்பும் ஒரு நாள் வேலை. பூஞ்சைச் சுவர் மட்டும்தான் நிஜமாகவே பணம் சாப்பிடக்கூடியது, பார்ட்டியும் அதைத்தான் பார்ப்பார். வேளச்சேரி என்றாலே மழைத்தண்ணீர் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் மாடியாக இருந்தாலும் சுவரில் ஈரக்கறையைக் கண்டால் மனசு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் அது வெளியிலிருந்து வரும் கசிவா, காற்றோட்டம் இல்லாமல் வந்ததா என்று பாருங்கள். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓரடிக்கு ஓரடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக ஈரம் இருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் ஈரம் என்றால் ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே துணி காயப்போடுவதன் பலன். சுவரோடு ஒட்டி பீரோவும் மூட்டையும் இருந்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். அரையடி தள்ளி வைத்து ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும்.

உள்ளே ஈரம் என்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா பாருங்கள். நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் வாய்) சுற்றிய ஜாயின்ட்டும் டைல்ஸ் இடுக்கும்தான் வழக்கமான குற்றவாளிகள். மேல்வீட்டுப் பாத்ரூம் என்றால் விஷயம் ஃபிளாட் உரிமையாளர் சங்கத்துக்குப் போக வேண்டும், வாடகைதாரர் மேல் பழி போடுவதில் பயனில்லை. கசிவை அடைக்காமல் மேலே புட்டி வைத்து பெயிண்ட் அடிப்பது வீண். அடுத்த மழையில் பொரிந்து வரும், அதற்குள் பத்திரம் ஆகியிருந்தால் சண்டையும் வரும்.

பாத்ரூம் உப்பு போர் தண்ணீரால் வருவது. ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். டைல்ஸ் பளிச்சென்று ஆகும், ஆனால் இடுக்கிலுள்ள சிமென்ட்டை அரித்துவிடும், குழாயின் குரோமியப் பூச்சும் போய்விடும். பிறகு அந்த இடுக்கு வழியாகவே புதுக் கசிவு தொடங்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்து, தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். தடிமனாக இருந்தால் இரண்டு முறை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எந்த ஆசிட்டும் படக்கூடாது, குளோரின் வாயு வரும்.

கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தால் அவை பெட்டிகளுக்குள் ஒளிந்து, ஆள் வரும் நேரத்தில் வெளியே வரும். ஜெல் மருந்து வாங்கி, துவரம்பருப்பு அளவுப் புள்ளிகளாக சிங்க் அடியில், கேபினெட் கீலில், ஃபிரிட்ஜ் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே வையுங்கள். ஒரு சமையலறைக்கு இருபது முப்பது புள்ளி ஆகும். ஜெல் வைத்த பக்கம் ஸ்பிரேயோ பினாயிலோ போட்டால் அவை அதைத் தின்னாது, மருந்து வீண். முட்டைகள் சாகாது என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும். அதனால் இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

---

புரோக்கர்_இல்லை_ஆலோசகர் எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். வீட்டைப் பளபளப்பாக்க முயல வேண்டாம். அவர் வாழும் வீடு அது, இரண்டு நாளில் பழையபடி ஆகும், நடுவில் மனக்கசப்புதான் மிஞ்சும். பார்வையிடும் நேரத்தில் ஐந்து காரியம் மட்டும் கேளுங்கள்: சிங்கில் பாத்திரம் இருக்கக்கூடாது, பாத்ரூம் தரை காய்ந்திருக்க வேண்டும், பால்கனிக்குப் போக வழி, எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், எல்லா லைட்டும் எரிய வேண்டும். மூட்டைகளை ஓர் அறையில் அடுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓர் அறை நிரம்பியிருந்தால் "சாமான் வைக்கிற ரூம்" என்று கடந்துபோவார்கள். நான்கு அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தால் வீடே சின்னதாகத் தெரியும். துப்புரவுக்கு ஆள் அனுப்பினால் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில், உங்கள் செலவில் அனுப்புங்கள். சாமானோடு இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஐந்திலிருந்து எட்டாயிரம் வரை கேட்பார்கள், சமையலறையும் பாத்ரூமும் மட்டும் என்றால் பாதிக்குப் பேசலாம்.

தினமும் ஒரு பார்ட்டி என்று அனுப்பினால் எந்த வாடகைதாரரும் மூன்றாவது நாள் போன் எடுக்க மாட்டார். ஞாயிறு காலை 10 முதல் 12 என்று ஒரே ஒரு நேரம் வைத்து எல்லாரையும் அப்போதே வரச் சொல்லுங்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாட்ஸ்அப்பில் காரணத்தோடு எழுதிவிடுங்கள். நுழைவதற்கு எழுத்து மூலம் முன்னறிவிப்பு என்பது அந்த வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. சாவி உங்களிடம் இருந்தாலும் அவர் இல்லாதபோது திறக்காதீர்கள்.

விளம்பரப் படங்களுக்கு அவர் சாமானை எடுக்காதீர்கள், குறிப்பாக சாமி படம், குடும்பப் படம். குடிவருவதற்கு முன் எடுத்த பழைய படங்கள் இருந்தால் எந்த வருடம் எடுத்தது என்று எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால் வெளித்தோற்றம், கார் நிறுத்துமிடம், மாடிப்படி, பால்கனியிலிருந்து தெரியும் காட்சி, கூடவே அளவோடு ஒரு பிளான். நல்ல பிளான் ஒன்று பத்து மங்கலான படத்துக்குச் சமம். "வாடகைதாரர் இருக்கிறார், இன்ன தேதிக்குள் காலி" என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். முதலீட்டுக்காக வாங்குபவர் உள்ளே வந்து குப்பையைப் பார்த்தும் அசர மாட்டார், அவர் கணக்கு வாடகை வரவு. ஆனால் அவர் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர். 68 லட்சத்துக்கு மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு மூன்றேகால் சதவீதம்கூட வராது. அதைச் சொல்லியே அடிப்பார். நல்ல விலை வேண்டுமென்றால் குடியிருக்க வாங்கும் குடும்பம்தான், அவர்களுக்குக் காலி வீடு வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல், மே தவிர எப்போது கேட்டாலும் இழுப்பார்கள். ஆடியில் வீடு மாறவும் பத்திரம் போடவும் பலர் யோசிப்பார்கள். ஆனி முடிவுக்குள் காலி செய்ய வைத்து, ஆடி மாதத்தைக் கசிவு அடைக்கவும் பெயிண்டுக்கும் வைத்துக்கொண்டால் ஆவணியில் வீடு தயார்.

---

வேளச்சேரி_2ஆம்_மாடி:

பேசிப் பார்த்தேன். அட்வான்ஸ் முழுதும் கிடைக்கும் என்றதும் மூன்று மாதத்தில் காலி செய்ய ஒப்புக்கொண்டார். இடையில் ஒரு பார்ட்டி வந்து, "இப்போதே பத்திரம் போடலாம், அவர் போகிற வரைக்கும் இரண்டு லட்சம் பிடித்து வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். வங்கிக் கடனில் வாங்குகிறார். சரிதானா?

---

கிரயப்பத்திரம் எழுதியது:

வேண்டாம். வழக்கமான பத்திர வாசகத்தில் "கிரயத் தொகை முழுதும் பெற்றுக்கொண்டு, சொத்தைக் காலியாகச் சுவாதீனம் ஒப்படைத்தோம்" என்று வரும். சுவாதீனம் என்றால் வீடு யார் கைவசம் இருக்கிறது என்பது. உங்கள் விஷயத்தில் அதில் இரண்டும் பொய். பாக்கி இரண்டு லட்சத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும், அவரிடமோ முழுத் தொகையும் பெற்றதாக நீங்களே கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் இருக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வந்து அளப்பார், யார் குடியிருக்கிறார் என்றும் கேட்பார். அப்போது வாடகைதாரர் கதவைத் திறக்க வேண்டும். அந்த ஒரு நாளை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது கிரய ஒப்பந்தம் பதிவு செய்து முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் காலி செய்யும் தேதிக்கு மேல் 30 நாள் தள்ளிப் பத்திரத் தேதி வையுங்கள். கடன் அனுமதியின் கெடு அதற்குள் முடிந்துவிடாமல் வாங்குபவர் வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்டுவார், உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அவர் செலவு.

வாடகைதாரர் காலி செய்யாமலேயே வாங்க அந்தப் பார்ட்டி பிடிவாதமாக இருந்தால் பத்திரத்தில் "வாடகைதாரர் சுவாதீனத்தில் உள்ள நிலையில்" என்று வாசகத்தை மாற்றி, அட்வான்ஸ் ஒரு லட்சத்தை விலையில் கழித்து அவர் பொறுப்பில் மாற்றியதாகவும் எழுத வேண்டும். வாடகையையும் அட்வான்ஸையும் இனி புதிய உரிமையாளரிடமே பார்த்துக்கொள்வதாக வாடகைதாரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் அட்வான்ஸ் கேட்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

---

சுவர்_ஈரம்:

சாவி வாங்கும் அன்று ஒரு காரியம். மின் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அவர் பங்கை அன்றே கணக்கிட்டு அட்வான்ஸில் கழிக்கலாம். எல்லாக் குழாயையும் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நஹானி டிராப் இழுக்கிறதா பாருங்கள். பெட்டி அட்டை, முடி, சோப்பு எல்லாம் சேர்ந்து அடைத்திருக்கும். விட்டுப்போன மெத்தையையும் சோபாவையும் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள், மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். தெருமுனையில் போட்டால் சங்கத்துக்காரர் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.