மறு: கலைச்சொல் – சாய்வடக்கியா, சரிவுதடுப்புத் தண்டா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். வளைவில் கார் ஒருபக்கம் சாய்வதைக் குறைக்க அடியில் ஒரு கம்பி இருக்கும், ஆங்கிலத்தில் ஸ்வே பார் அல்லது ஆன்டி-ரோல் பார். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் பேச்சு.

> காரின் ஸ்வே பாருக்கு 'சரிவுதடுப்புத் தண்டு' என்று வைக்கலாம். பொருள் தெளிவாக இருக்கிறது.

செங்கோட்டையில் இருந்துகொண்டு இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் எங்கள் சாலையில் சரிவு என்றால் மழைக்காலத்தில் மண் இறங்குவது. சரிவுத் தடுப்பு என்றால் அதற்குக் கட்டிய கருங்கல் சுவர். மலையாளத்தில் வண்டி ஒருபக்கம் சாய்வதைச் சரிவதாகத்தான் சொல்வார்கள். எங்கள் ஊரும் 1956 நவம்பர் வரை மலையாளப் பக்கம்தான் இருந்தது, ஆகவே அந்தச் சொல் எங்கள் காதுக்குப் புதிதல்ல. ஆனால் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் காரைத் தேட மாட்டார், மலையைத் தேடுவார்.

'உருள்தடுப்பி' என்றார் இன்னொருவர். ஆங்கிலத்தை அப்படியே கொண்டுவந்த சொல். மலைப்பாதையில் வண்டி உருண்டுவிட்டது என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பாருங்கள், தெருவே கூடிவிடும். 'ஆட்டம்' வேண்டவே வேண்டாம். பால் ஜாயிண்டில் ஆட்டம், ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று ஒர்க்‌ஷாப்பில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'நிலைப்படுத்தி' என்றால் ஸ்டெபிலைசர், அது வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

பெயரை விடுங்கள், அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று பார்ப்போம். காருக்கு அடியில் குனிந்தால் தெரியும். 'ப' எழுத்தைப் போல வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்ஷில் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் என்ற சிறு இணைப்புத் தண்டு வழியாக இடது, வலது சக்கரங்களின் பக்கம் போகும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். வளைவில் வெளிச்சக்கரம் மேலே அமுங்கி உட்சக்கரம் கீழே தொங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும். அப்போதும் சாய்வு நிற்பதில்லை, குறைகிறது. ஆகவே தடுப்பு, தடை என்ற சொற்கள் அதிகப்படி. குதிரையை அடக்குவது போன்ற வேலை. சாய்வடக்கி என்பது என் பரிந்துரை. முன் சாய்வடக்கி, பின் சாய்வடக்கி என்று சொல்லவும் வாய்க்கு வரும்.

அடுத்தது, எனக்கு இதைவிட முக்கியமானது. இழையில் மூன்று பேர் 'கடினமான கம்பி' என்று எழுதியிருக்கிறீர்கள். கடினம் என்றால் அரம் போட்டாலும் கீறல் விழாதது. இங்கே பேச்சு விறைப்பைப் பற்றி, அதாவது முறுக்கினால் கம்பி எவ்வளவு எதிர்க்கிறது என்பதைப் பற்றி. பள்ளி இயற்பியலிலேயே விறைப்புக் குணகம் என்று படித்திருக்கிறோம். விலை உயர்ந்த எஃகு போட்டாலும் அந்தக் குணகம் பெரிதாக மாறாது, விறைப்பை மாற்றுவது தடிமனும், கம்பியின் இரு ஓரத்திலும் மடங்கி நீளும் கையின் நீளமும்தான். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும்.

இந்த 46 சதவீதத்தை நான் கைக்காசு கொடுத்துக் கற்றேன். என் பழைய முன்சக்கர இயக்கக் காருக்கு முன்னால் மட்டும் 22 போட்டேன். புளியரை எஸ் வளைவில் சாய்வு நன்றாகக் குறைந்தது. ஆனால் இடப்பக்க வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க வண்டியின் மூக்கு வலப்பக்கம், எதிரே இறங்கும் லாரியைப் பார்த்தே போனது. வளைவில் உள்ளிருந்து வெளியே மாறும் மொத்தப் பாரத்தை எந்தக் கம்பியும் குறைக்காது. அது வண்டியின் எடை, உயரம், அகலம், வேகம் சார்ந்தது. அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்ற பங்கைத்தான் கம்பி மாற்றும். முன்னால் விறைப்பைக் கூட்டி, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த முன் டயர் தலையில் இன்னும் ஏற்றிவிட்டேன். மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று சரிபார்ப்பது நினைவுக்கு வந்தது. போதாததற்கு, ஒருபக்கக் குழியில் விழுந்தால் அடி மறுபக்கமும் வந்து காரே தலையாட்டியது.

முன்னால் பழையபடி 20, பின்னால் 14-ஐக் கழற்றி 16 என்று மாற்றினேன். பின்கம்பியின் முனையில் இரண்டு துளை. வெளித்துளையில் கை நீளம், விறைப்பு குறைவு. உள்துளையில் கை குட்டை, விறைப்பு கூடுதல். ஆசைப்பட்டு உள்துளைக்குப் போனேன். முதல் மழையிலேயே பின்பக்கம் வழுக்கப் பார்த்தது, மறுநாளே வெளித்துளைக்குத் திரும்பிவிட்டேன். லிங்கின் நட்டை முறுக்கும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஓட்டுநர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்தோம். ஆள் ஏறாத வண்டியில் முறுக்கினால், ஏறி உட்கார்ந்ததும் கம்பி முறுக்கோடேயே நிற்கும், இடது வளைவும் வலது வளைவும் வேறு வேறாக நடந்துகொள்ளும்.

---

> சாய்வடக்கி நன்று. ஆனால் 'சாய்வடக்கித் தண்டு' என்றால்தானே பொருள் புரியும்? அப்புறம், மூக்கு வெளியே போவதற்கும் ஒரு சொல் வேண்டுமே ஐயா?

தண்டு தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஷாக் அப்சார்பரை அதிர்வடக்கி என்று சொல்லும்போது பின்னால் குழாய் என்று சேர்ப்பதில்லையே. மூக்கு வெளியே போவதற்குக் குறைதிருப்பம், வால் வெளியே போவதற்கு மிகைதிருப்பம். எனக்கே முழுத் திருப்தி இல்லை, இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள்.

நேற்று லிங்க் சத்தம் கேட்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது வேண்டுமென்றே "சாய்வடக்கியைப் பாருங்கண்ணே" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டுக்கொண்டே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.