78 மாடல் அம்பாசிடருக்கு முன்னால் டிஸ்க் பிரேக் போடலாமா?

ஆனையூர் மார்க் 3:
வணக்கம் அண்ணன்மார்களே. அப்பா வாங்கிய 78 மாடல் அம்பாசிடர், இன்னும் அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். போன மாதம் கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது பெருமாள்மலை தாண்டியதில் இருந்தே பிடிமானம் குறைந்துகொண்டு வந்தது, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். ஹேண்ட்பிரேக்கையும் கியரையும் வைத்து ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டேன், அப்புறம் பெடல் திரும்ப வந்தது. இங்கே ஒரு பட்டறையில் வேறு வண்டியின் காலிப்பரை (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிராக்கெட் வெல்டிங் அடித்து மாட்டித் தருகிறேன், ரெண்டு நாள் வேலை என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

சிம்மக்கல் ஸ்பேனர்:
தம்பி, வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் அடிக்கும்போது முன்சக்கரத்தை நிறுத்தும் விசை முழுக்க அந்த பிராக்கெட்டில்தான் இறங்கும், முன்சக்கரம் சுற்றும் அச்சான ஸ்டப் ஆக்சிலில் சூடு வைத்தால் இரும்பின் பதம் போய்விடும், விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. பின்னால் வந்த ஐசுசு இன்ஜின் அம்பாசிடர்களில் கம்பெனியே முன்னால் டிஸ்க் வைத்துக் கொடுத்த வண்டிகள் உண்டு. பழைய சாமான் கடையில் அந்த செட்டை ஸ்டப் ஆக்சில், ஹப், டிஸ்க், காலிப்பர் என்று ரெண்டு பக்கமும் முழுசாக எடுங்கள். காசு கொடுக்கும் முன் உங்கள் வண்டியில் கழற்றியதைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

வாடிப்பட்டி:
ஆறியதும் பெடல் வந்தது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் ஆவி, மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கூடவே டிரம்மும் சூட்டில் விரிந்து, உள்ளே அதை உரசிப் பிடிக்கும் ஷூவின் லைனிங்கை விட்டு விலகும். ஆயில் எப்போது மாற்றினீர்கள்? முதலில் முழுசாக வடித்துப் புது ஆயில் ஊற்றி லைனில் சிக்கிய ஏர் எடுங்கள், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மாற்றுங்கள், டிரம்மை லேத்தில் கொடுத்து ஓவல் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். மலை ஏறும்போது போட்ட அதே கியர்தான் இறங்கும்போதும், மூன்றாவதில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிஸ்க்கே இருந்தாலும் சூடாகும்.

உசிலை டீசல்:
நான் போட்டிருக்கிறேன், பட்டதைச் சொல்கிறேன். டிஸ்க் மாட்டிவிட்டு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பழையதாகவே வைத்துக்கொண்டேன். டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் கொஞ்சம் பிரஷர் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும், டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு, டிஸ்க்கில் கிடையாது, அதனால் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டே ஓடி, செக்கானூரணி வருவதற்குள் வீலில் கை வைக்க முடியவில்லை. டிஸ்க்குக்கு உரிய டேண்டம் மாஸ்டர் போட்ட பிறகுதான் சரியானது. அதில் ரெண்டு தனித்தனி ஆயில் சர்க்யூட் என்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மிதிக்கும் விசையை வேக்குவத்தால் கூட்டித் தரும் பூஸ்டரும் வேண்டும், இல்லையென்றால் கால் வலிக்கும். உங்களுடையது பெட்ரோல், இன்ஜின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடைக்கும். என்னுடையது டீசல், தனி பம்ப் வைக்க வேண்டியதாகிவிட்டது. இன்னொன்று, ஈர ரோட்டில் ஒதுக்குப்புறமாகப் பார்த்து அடித்துப் பாருங்கள், பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் பின்பக்கம் போகும் பிரஷரைக் குறைக்க வால்வு வேண்டும்.

ஆனையூர் மார்க் 3:
ஆயில் மாற்றி நாலு வருஷம் ஆகிறது அண்ணே, இன்று திறந்து பார்த்தேன், கறுப்பாக இருக்கிறது. டிரம் நாலையும் திங்கட்கிழமை லேத்துக்குக் கொடுக்கிறேன். வெல்டிங் வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். சிம்மக்கல் அண்ணே, செட் பார்க்கப் போகும்போது கூட வர முடியுமா?

சிம்மக்கல் ஸ்பேனர்:
ஞாயிறு காலையில் வாங்க தம்பி. கழற்றின ஸ்டப் ஆக்சில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாங்க.