எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டவர்

அப்பா போய், வருகிற மார்கழியோடு இரண்டு வருடம் ஆகிறது. சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டு விசைத்தறிகள். ஜவுளிக்காரர் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார். அப்பா கூலிக்குச் சாயமேற்றாத காடாத் துணி நெய்து கொடுப்பார். கூலி மீட்டர் கணக்கு. தறி நின்றால் அன்றைய வரும்படியும் நின்றுவிடும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் குடோன் வாசலில் நின்றால், அப்பா ஒவ்வொரு தறியாக எட்டையும் நிறுத்திக்கொண்டே என்னிடம் வருவார். "இப்போது சொல்லு, அம்மிணி" என்பார். நான் சொல்வதென்ன, கணக்கில் வாங்கிய மதிப்பெண், சிநேகிதியோடு போட்ட சண்டை, அவ்வளவுதான். தறியை நிறுத்தி ஓட்டினால் துணியில் கோடு விழும். கோடு விழுந்த துணிக்கு ஜவுளிக்காரர் கூலியில் பிடித்துக்கொள்வார். அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அப்பா நிறுத்துவதை நிறுத்தவில்லை.

2022 ஜனவரியில், கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றன. படிப்பை முடித்துவிட்டு அப்போது வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் தெருவே அடங்கிக் கிடந்தது. திண்ணையில் அப்பாவுக்குப் பின்னால் நின்று, "டீ போடட்டுமா?" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் திரும்பவில்லை. அவருக்குக் காது போய்விட்டது என்பதை இத்தனை காலம் தறிச் சத்தம் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. தறியை நிறுத்திவிட்டு வந்து அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது உதட்டைப் படிக்கத்தான்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு. ஊடை நூலைச் சுமந்து கட்டை குறுக்கே ஓடும் நாடாத் தறிகள் உள்ள கூடத்தில் சத்தம் அதைத் தாண்டிவிடும். வீட்டோடு சேர்ந்த குடோனுக்குள் வந்து அதை அளந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? குடோன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து காதடைப்பான் வாங்குங்கள். சில ரூபாய்தான். அப்பாவுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். தறிச் சத்தத்தையும் அது கூட்டிக் கொடுக்கிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் விளங்கவில்லை. படித்த காலத்தில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு விடுதியிலிருந்து கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். நான் சொன்னதற்குச் சரியாகவே பதில் சொல்வார், சற்றுத் தாமதமாக. சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். காது கேட்காதவர் எப்படிப் பேசினார்?

*

கண்ணு, உங்கள் குடோனில் பதினோரு வருடம் தார் சுற்றியவள், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்தவள், நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். என் மகன் தட்டச்சு செய்து தருகிறான்.

எட்டே முக்காலுக்கெல்லாம் அண்ணன், உன் அப்பா, போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். என்னையும் கூப்பிடுவார். மணி அடிப்பது அவருக்குக் கேட்காது, வெளிச்சம் வருவதைப் பார்த்து எடுப்பார். ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் நீட்டுவார். நீ பேசுவதைக் கேட்டு நான் கையால் சொல்வேன். குடோனுக்குள் நாங்கள் எல்லோரும் கையால்தானே பேசுவோம்? நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, சாப்பிட வா, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. அதனால்தான் பதில் தாமதமாக வந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் நீ படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவாய் என்று பயம்.

கடைசித் தேர்விலும் தேறிவிட்டேன், படிப்பு முடிந்தது என்று நீ சொன்னாயே, அன்றும் நான்தான் கேட்டேன். தேறியதற்கு எங்களிடம் சைகை கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பாவு முழுவதும் நெய்து முடிந்தால் காட்டுவோமே, இரண்டு கையையும் விரித்து, அதைக் காட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து குடோனுக்குள் போனார். எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக நின்றது.