2009 மாகாண சபைத் தேர்தலில் அம்மாவின் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவர் என்ன கேட்டிருக்கலாம்?

சாமிமலைக்காரி எழுதியது:

மாகாண சபைத் தேர்தலைத் திரும்ப நடத்த வேண்டும் என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் எங்கள் அம்மா கேட்பது ஒன்றைத்தான். "இந்தத் தடவையாவது என் ஓட்டு எனக்கு இருக்குமா?"

2009 பெப்ரவரி 14, சனிக்கிழமை. மத்திய மாகாண சபைத் தேர்தல். ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்து, முல்லைத்தீவுப் பக்கம் சண்டை மூர்க்கமாக நடந்துகொண்டிருந்த நேரம். அம்மாவிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேயிலைத் தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர் என்று விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. அந்தத் தேர்தலில் அடையாள அட்டை கட்டாயம் என்பதால், மஸ்கெலியா டவுனில் படம் பிடித்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, தேர்தல் திணைக்களம் கொடுத்த தற்காலிக அட்டையை எடுத்து வைத்திருந்தார். அதை நெகிழிப் பையில் சுற்றி, சேலை மடிப்புக்குள் செருகியபடிதான் காலையில் கொழுந்து மலைக்கே போனார். அரை பேர் (அரை நாள் வேலை) முடித்துவிட்டு இரண்டு கட்டை (மைல்) தூரம் நடந்து வாக்களிப்பு நிலையத்துக்குப் போயிருக்கிறார்.

உள்ளே அலுவலர் இலக்கத்தை வாசித்தார், பெயரை வாசித்தார், நிறுத்தினார். வாக்காளர் இடாப்பில் அம்மாவின் பெயர் ஏற்கனவே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. "உங்க ஓட்டு போட்டாச்சே அம்மா." அம்மா இடது கைச் சின்ன விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார். கொழுந்துக் கறைதான் இருந்தது, மை இல்லை. "நேரமாகுது, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏன் சண்டை பிடிக்கவில்லை என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு முந்திய வருடம் மாமாவைக் கொழும்பில் சோதனைச் சாவடியில் ஐ.டி. இல்லையென்று பிடித்து, ஒன்பதாம் நாள்தான் விட்டார்கள். வாசலில் பொலிஸ் நின்றது. "நான்தான் கள்ள ஓட்டுப் போட வந்தவள்னு எழுதிட்டா, உங்கள யாரு பார்க்கிறது?" இதுதான் அம்மா சொன்ன பதில்.

அந்த இடத்தில் அம்மாவுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது? படம் ஒட்டிய அட்டை கட்டாயமாக இருந்தும் இன்னொருத்தி எப்படி உள்ளே போனாள்? இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் இன்றைக்கும் "யுத்த காலத்தில் தோட்டத்து ஓட்டில் பாதி கள்ள ஓட்டு" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். வயிறு எரிகிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொட்டகலை ஆசிரியர் எழுதியது:

மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பல தேர்தல்களில் கடமைக்குப் போயிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்பியது பிழை. அது நேரமில்லாததால் வந்த சின்னத் தவறு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இடாப்பில் பெயர் அடிக்கப்பட்டிருக்க, அதே பெயருக்குரியவர் வந்து நின்றால், தலைமை தாங்கும் அலுவலர் அவரிடம் கேள்வி கேட்டு, தான் யார் என்று சொல்லும் வெளிப்படுத்தல் ஒன்றில் கையெழுத்து வாங்கி, வேறாக ஒரு வாக்குச்சீட்டைக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு பெட்டிக்குள் விழாது. தனி உறைக்குள் போகும். சாதாரண எண்ணிக்கையில் அதைச் சேர்ப்பதும் இல்லை. ஆனால் பின்னால் தேர்தல் மனு என்று வந்தால் நீதிமன்றத்தின் முன் அது சாட்சி. உங்கள் அம்மாவிடம் தற்காலிக அட்டை இருந்தது, விரலில் மை இல்லை. இதைவிட என்ன வேண்டும்? அந்த ஒரு சீட்டை எழுதியிருந்தால், அந்த வாக்குச் சாவடியில் ஆள்மாறாட்டம் நடந்தது என்பதற்கு அரசாங்கத்தின் தாளிலேயே பதிவு இருந்திருக்கும். அதை எழுதாமல் விட்டதால் அந்தக் கள்ள வாக்கு நல்ல வாக்காகவே கணக்கில் நின்றுவிட்டது.

இன்னொருத்தி எப்படிப் போனாள் என்கிறீர்கள். அலுவலர் இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பது எதற்கு? கட்சி முகவர்கள் கேட்க வேண்டும் என்பதற்கு. "இந்தப் பெண் அவர் இல்லை, எனக்கு அவரைத் தெரியும்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தத் தோட்டத்து முகவர்தான். கடமைக்கு வரும் நாங்கள் வேறு ஊர்க்காரர்கள், முகம் தெரியாது. யுத்த காலத்தில் தூரத்துச் சாவடிகளில் முகவராக உட்கார எத்தனை பேர் துணிந்தார்கள்? சில இடங்களில் ஒரே பக்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் வாய் திறக்காவிட்டால் அட்டையில் உள்ள படத்தை உற்றுப் பார்க்க யாருக்கும் அவசரம் இல்லை.

அடையாள அட்டையைக் கட்டாயமாக்க வழி செய்தது 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். நோக்கம் நல்லது. ஆனால் இந்த நாட்டை வெட்கப்பட வைத்த 1999 ஜனவரி வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்தது என்ன? முகவர்களை அடித்து விரட்டிவிட்டு, கட்டுக்கட்டாகச் சீட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்கள். அப்படிச் செய்தவனிடம் யார் ஐ.டி. கேட்பது? அட்டை தடுத்து நிறுத்தியது தனியாக நடந்து வந்த ஏழையைத்தான்.

ராகலை எழுதியது:

அக்கா, எங்க வீட்டுக் கதை வேற மாதிரி. அண்ணன் அப்ப கொழும்புல ஒரு கடையில வேலை. 2007 ஜூன்ல லொட்ஜ்ல இருந்த தமிழாக்களை ராத்திரியோட பஸ்ல ஏத்தி அனுப்பினாங்களே, உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டுச்சு, ஆனா அந்தப் பயம் போகல. அதுக்குப் பிறகு அண்ணன் தீபாவளிக்கு மட்டும்தான் வந்தான். வழியில எத்தனை சோதனைச் சாவடி. ஓட்டுக்குனு யாரு வருவாங்க?

ஆனா அண்ணன் பேருக்கு வாக்காளர் அட்டை வந்துச்சு. லயத்துக்கு, அதான் நாங்க இருக்கிற வரிசை வீடுகளுக்கு, முகவரி ஏது? எல்லா அட்டையும் தப்பால் பையில தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கயிருந்து கட்டாக் கடைக்கு வரும், கடை மேசையில கிடக்கும். யாரு எதை எடுக்கிறாங்கனு யாருக்குத் தெரியும்? தேர்தலுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன ஒருத்தர் வந்து "வராத பிள்ளைங்க அட்டை இருந்தா குடுங்க" என்று வீடு வீடாக் கேட்டார். அம்மா குடுக்கல. பக்கத்து வீட்டுல மூணு அட்டை குடுத்தாங்க. ஒரு பிள்ளை குவைத்துல, ரெண்டு பேர் கொழும்புல. அந்தக் குடும்பத்தைத் திட்ட எனக்கு மனசு வரல. அந்த ஆளு நாளைக்கு வீட்டுக் கூரைத் தகரம் குடுக்கவும் பேர் எழுதுறவர்.

உங்க அம்மாவோட வாக்காளர் அட்டையும் அப்படிக் கைமாறியிருக்கலாம். அந்த வாக்காளர் அட்டை இல்லாமலும் ஓட்டுப் போடலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அட்டையில உள்ள இலக்கம் கையில இருந்தா மத்தவனுக்கு வேலை லேசு.

கண்டி வாசகர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கள்ள வாக்குப் பயத்தை ஏழைகளுக்கு எதிரான கட்டுக்கதை மாதிரிப் பேசக்கூடாது. 2001 டிசம்பர் 5, பொதுத் தேர்தல் நாளன்று உடத்தலவின்னவில் 10 முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அது தூரமில்லை. நான் அந்தக் காலத்தில் முகவராக உட்கார்ந்தவன். இலக்கத் தகடு இல்லாத வான்களில் ஆட்கள் வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவன். விரலில் எதையோ பூசிக்கொண்டு வருவார்கள், மை துடைத்தால் போய்விடும். எதிர்த்துப் பேசினால் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டிய காலம். அடையாள அட்டை கேட்கத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் அது குறைந்தது என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

சகோதரியின் தாயாருக்கு நடந்தது அநியாயம். அட்டையைக் கேட்டது அநியாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்பதற்கு முன்னால் எல்லாருக்கும் அட்டை கொடுத்திருக்க வேண்டும்.

கொட்டகலை ஆசிரியர் எழுதியது:

தம்பி சொன்ன கடைசி வசனத்தை ஏற்றுக்கொள்கிறேன். வான்களில் வந்தவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

ஆனால் "தோட்டத்து ஓட்டில் பாதி கள்ள ஓட்டு" என்பது வேறு பேச்சு. அதன் வயது யுத்தத்தைவிட அதிகம். 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. இந்த ஆட்கள் உண்மையில் இந்த நாட்டுக்காரர்களா, இவர்கள் வாக்கு வாக்கா என்று கேட்டார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் எங்கள் ஆட்கள் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மறுபடி தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் தெரிவாக 1977 ஆனது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 39ஆம் இலக்கச் சட்டம் 1988இல் வந்தபோதும், ஒரு பக்கம் அப்போது ஆயுதம் ஏந்தியிருந்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) வாக்களிக்கப் போகாதே என்று மிரட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் "ஓட்டுக்காகத்தான் இவர்களுக்குப் பிரஜாவுரிமை" என்று கடைத்தெருவில் என் காதுபடப் பேசினார்கள். அந்த டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தது 55 வீதம்தான். முடிவை எதிர்த்து சிறிமாவோ அம்மையார் போட்ட மனு 1992இல் தள்ளுபடியானது.

ஊரைவிட்டுப் போன பிள்ளைகளின் பெயர் இடாப்பில் கிடந்தது உண்மை. அதை எடுத்துப் பயன்படுத்தியவர் யார், அதனால் வாக்கை இழந்தவர் யார் என்று உங்கள் அலுவலகத்தவரிடம் கேளுங்கள் மகள். இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

சாமிமலைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனிச் சீட்டு ஒன்று இருந்தது என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார். "அப்போ நான் கேட்டிருந்தா குடுத்திருக்கணுமா?" ஆமாம் என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அன்றைக்கு எந்தக் கட்சிக்கு, எந்த மூன்று வேட்பாளர் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போட இருந்தார் என்று சொன்னார். அத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாமல் மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

கண்டி அண்ணா சொன்னதையும் விளங்கிக்கொள்கிறேன். வானில் வந்தவனுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே சந்தேகத்தை வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவுக்கு இப்போது தேசிய அடையாள அட்டை இருக்கிறது. இடாப்பில் எங்கள் வீட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரம் கிராம சேவகரிடம் போய்ப் பார்க்கப் போகிறேன். வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சியின் பெயரையும் சேர்த்துப் பார்ப்பேன். ஐயா, இன்னொன்று. எங்கள் சாவடிக்கு முகவராக உட்கார நான் தயார். ஒரு பெண் அந்த வேலைக்குப் போக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், கட்சி கொடுக்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், பிழை கண்டால் எந்த வார்த்தையில் ஆட்சேபிக்க வேண்டும்? ஒவ்வொன்றாக எழுதுங்கள். எங்கள் டிவிசனில் இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.