ஷீலா ஃபுளோரன்ஸ்: லிசி பேர்ட்ஸ்வொர்த்துக்கு முன்னும் பின்னும்

திரைவாசகி:

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் சிறையைக் களமாகக் கொண்ட ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரான 'வென்ட்வொர்த்'தைப் பார்த்து முடித்த பிறகு, அதற்கு மூலமான 'ப்ரிசனர்' தொடரைத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். புதிய தொடரில் செலியா அயர்லாந்து ஏற்ற லிஸ் பேர்ட்ஸ்வொர்த் என்னும் பாத்திரத்தைப் பழைய தொடரில் லிசி என்ற பெயரில் ஷீலா ஃபுளோரன்ஸ் என்ற மூத்த நடிகை ஏற்றிருக்கிறார். ஒல்லியான உடல், சுருக்கம் விழுந்த முகம், புகையில் கரகரத்துப்போன குரல். சிறைக்குள் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சிக் குடிக்கும் கிழவியாக அவர் வரும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அடுத்த காட்சியிலேயே அதே முகத்தைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

1979-இல் தொடர் தொடங்கியபோது அவருக்கு 62 வயது. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? இவ்வளவு தேர்ந்த ஒருவரை அந்த வயது வரை ஏன் பரவலாக யாரும் அறியவில்லை? அவர் நகைச்சுவை நடிகையாகத்தான் பெயர் பெற்றவரா? போரில் கணவரையும் குழந்தையையும் இழந்தவர் என்பதும், அந்தத் துயரம்தான் அவருடைய நடிப்பில் தெரிகிறது என்பதும் அவரைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருகின்றன. இது எந்த அளவுக்குச் சரி? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

பழம்படச்சுருள்:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 'பரவலாக யாரும் அறியவில்லை' என்பதை ஆஸ்திரேலியாவுக்கு வெளியே என்று திருத்திக்கொள்வது நல்லது. மெல்பர்ன் நகரத்து நாடக ரசிகர்களுக்கும், 1960-களிலும் 70-களிலும் மாலை நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமர்ந்த குடும்பங்களுக்கும் அவர் முகம் நன்கு பழகிய ஒன்று. பெயர் பலருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். குணச்சித்திர நடிகர்களின் நிலை எங்கும் அதுதானே.

அவர் 1916-இல் மெல்பர்னின் செயின்ட் கில்டா பகுதியில் பிறந்தார். 1930-களில் இங்கிலாந்து சென்று, போர் முடியும் வரை அங்கேயே வாழ்ந்து, 1948-இல் இரண்டாம் கணவரான போலந்து விமான வீரருடன் ஊர் திரும்பினார். திரும்பியவருக்குத் தொலைக்காட்சி வேலை கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1956-இல்தான். ஆகவே முதலில் மெல்பர்ன் மேடைகளில்தான் அவர் உழைத்தார். தொலைக்காட்சி வந்த பிறகும் முதல் சில ஆண்டுகளுக்கு உள்நாட்டு நாடகம் மிகக் குறைவு. ஒளிபரப்பின் பெரும்பகுதியை அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களே நிரப்பின.

இந்த நிலையைப் பெருமளவு மாற்றியது மெல்பர்னைச் சேர்ந்த கிராஃபர்ட் நிறுவனம். ஹெக்டர் கிராஃபர்டும் அவருடைய சகோதரி டோரத்தியும் வானொலி நாடகத்துக்காகத் தொடங்கிய அந்த நிறுவனம், 1964-இல் 'ஹோமிசைட்' என்னும் கொலைத் துப்பறியும் தொடரைச் சேனல் 7-இல் கொண்டுவந்தது. அதன் வெற்றியைத் தொடர்ந்து 1969-இல் 'டிவிஷன் 4', 1971-இல் 'மேட்லாக் போலீஸ்' என மூன்று வணிக அலைவரிசைகளுக்கும் ஆளுக்கொரு காவல்துறைத் தொடரை அந்த நிறுவனமே தயாரித்துக் கொடுத்தது. துப்பறிவாளர்களாக நடித்தவர்கள் நிலையானவர்கள். கொலையுண்டவரின் தாய், வாடகை வீட்டுக்காரி, மதுக்கடைப் பணிப்பெண், சாட்சி சொல்லத் தயங்கும் அண்டை வீட்டுக்காரி ஆகியோர் மட்டும் வாரந்தோறும் புதிதாகத் தேவைப்பட்டார்கள். மெல்பர்னில் இருந்த நடிகர்களின் எண்ணிக்கையோ சிறியது. எனவே ஒரே நடிகை சில மாத இடைவெளியில் அதே தொடருக்கு வேறொரு பெயருடன், வேறொரு வாழ்க்கையுடன் திரும்பி வருவார். பார்வையாளரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஷீலா ஃபுளோரன்ஸ் இந்த மூன்று தொடர்களிலும் அப்படி வந்து போனவர். இரண்டே காட்சிகளுக்குள் ஒரு மனுஷியின் முன்கதை முழுவதையும் பார்ப்பவருக்கு உணர்த்திவிட வேண்டும் என்ற கட்டாயத்தை விடக் கடுமையான பயிற்சிக்கூடம் ஒரு நடிகைக்கு வேறு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஏபிசி என்னும் அரசு ஒளிபரப்பின் 'பெல்பேர்ட்' தொடரில் கிடைத்தது. கற்பனையான ஒரு கிராமப்புற ஊரைப் பற்றிய அந்தத் தொடர் 1967 முதல் 1977 வரை, ஏழு மணிச் செய்திக்கு முன்பு, வாரத்தில் நான்கு நாட்கள் கால் மணி நேரத் துண்டுகளாக ஒளிபரப்பானது. அதில் டாஸி ரம்ஸி என்ற ஒரே பாத்திரத்தை அவர் நெடுங்காலம் சுமந்தார். பின்னாளில் 'ப்ரிசனர்' தொடரில் கனிவான காவலர் மெக் ஆக நடித்த எல்ஸ்பெத் பாலன்டைனும் 'பெல்பேர்ட்' வழியாக வந்தவர்தான். எனவே 1979-இல் ஷீலா சிறைச் சீருடை அணிந்தபோது, அன்றாடத் தொடரின் வேகமும் உடன் நடிப்பவர்களில் சிலரும் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

ஆழிமகன்:

மேலே எழுதியவர் முன்கதையை நன்றாக வரைந்துவிட்டார். நான் 'ப்ரிசனர்' பற்றியும், அவர் நகைச்சுவை நடிகையா என்ற கேள்வியைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

ரெக் வாட்சன் உருவாக்கி, ரெக் கிரண்டி நிறுவனம் தயாரித்த இந்தத் தொடர் முதலில் 16 பகுதிகளுக்கு மட்டுமே திட்டமிடப்பட்டது. வரவேற்பைக் கண்டு நீட்டிக்கொண்டே போய், 1986 இறுதியில் நிறுத்தப்பட்டபோது 692 பகுதிகள் ஆகியிருந்தன. வாரத்துக்கு இரண்டு மணி நேர நாடகம் எடுக்க வேண்டிய கட்டாயம். மெல்பர்னின் புறநகரான நனவாடிங்கில் இருந்த தொலைக்காட்சி நிலையத்தின் கட்டடமே வெளிப்புறக் காட்சிகளில் சிறையாகவும் காட்டப்பட்டது. படப்பிடிப்பு அரங்கின் சுவர் ஆடுவதாகப் பின்னாளில் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த ஆடும் சுவர்களுக்கு நடுவே உண்மையான மனிதர்கள் வாழ்வதாக நம்மை நம்பவைத்தது நடிகைகளின் திறமையே. ஒப்பனையில்லாத முகங்களோடு, நடுத்தர வயதையும் முதுமையையும் மறைக்காமல், இத்தனை பெண்களை மையத்தில் வைத்த தொடர்கள் அந்தக் காலத்தில் எந்த நாட்டிலும் அரிது.

லிசியின் கதையைக் கவனியுங்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவள். தன் சமையலைக் குறை சொன்னவர்களின் உணவில் நஞ்சு கலந்தாள் என்பதற்காக ஆயுள் முழுவதையும் சிறையில் கழிப்பவள். எழுத்தில் பார்த்தால் இது ஒரு குரூரமான நகைச்சுவைத் துணுக்கு மட்டுமே. ஆனால் தொடர் நகர நகர, உயிரிழப்புக்கு அவள் காரணமல்ல என்று தெரியவருகிறது. அவள் விடுதலை பெறுகிறாள். வெளியுலகில் தனக்கென்று ஒருவரும் இல்லாத நிலையில், மீண்டும் குற்றம் செய்து சிறைக்கே திரும்புகிறாள். பல ஆண்டுச் சிறைவாழ்வு ஒரு மனிதரை வெளியே வாழ முடியாதவராக ஆக்கிவிடுகிறது என்ற கருத்தைத் தொடர் வசனமாகச் சொல்லவில்லை. சிரிக்கவைத்துக்கொண்டிருந்த கிழவியின் மூலமாகக் காட்டியது. அந்தக் கதைப்போக்கைத் தாங்கும் வலிமை நகைச்சுவைக்கு மட்டும் பழகிய ஒருவருக்கு இருந்திருக்காது.

கொலெட் மான் நடித்த டோரீனுக்கும் லிசிக்கும் இடையிலான உறவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வால் லேமன் ஏற்ற பீ ஸ்மித் அந்தச் சிறையின் அதிகார மையம். அவர் நுழைந்தால் அறை முழுவதும் அடங்கும். லிசியும் டோரீனும் அந்த அதிகாரத்தின் நிழலில் தாயும் மகளும் போல ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள். ஷீலா ஃபுளோரன்ஸ் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஒருபோதும் முயலவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மற்றவர் பேசும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்பதைப் பாருங்கள். வால் லேமனின் பல காட்சிகளுக்குப் பாதி எடை அங்கிருந்து வருகிறது. இந்தப் பாத்திரத்துக்காக, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கான லோகி விருதும் ஷீலாவுக்குக் கிடைத்தது. அவர் 1984-இல் விலகிய பிறகு தொடர் மேலும் இரண்டு ஆண்டுகள் ஓடியது. அதிகாரி ஜோன் ஃபெர்குசனாக மேகி கிர்க்பாட்ரிக் கொடுத்த அச்சம் அந்த ஆண்டுகளையும் சுவையாக்கியது உண்மையே என்றாலும், முந்தைய ஆண்டுகளின் நெருக்கம் திரும்பவில்லை என்பேன்.

இன்னொன்று: தொடர் தொடங்கிய அதே 1979-இல்தான் ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்' படமும் வெளியானது. அதில் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் கும்பலை மிரட்டி அடைக்கும் மே ஸ்வெய்ஸி என்ற முதியவர் யார் என்று பார்த்தீர்களா? ஷீலா ஃபுளோரன்ஸேதான்.

திரைவாசகி:

மிக்க நன்றி. 'மேட் மேக்ஸ்' படத்தைப் பலமுறை பார்த்திருந்தும் அது அவர்தான் என்று இதுவரை நான் இணைத்துப் பார்க்கவில்லை. போர்க்கால இழப்பைப் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. அவர் நடித்த 'எ உமன்ஸ் டேல்' படம் அவருடைய சொந்த வாழ்க்கையே என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றியும் யாராவது எழுத முடியுமா?

மேடையொளி:

செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருந்தபோது ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. முதல் கணவர் 1944-இல் நார்மண்டிப் போரில் கொல்லப்பட்டார். இவை உண்மை. ஆனால் இதைக் கொண்டு அவருடைய நடிப்பை விளக்குவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் போர் ஐரோப்பா முழுவதும் எத்தனையோ இலட்சம் பெண்களை இதே நிலையில் விட்டுச்சென்றது. அவர்கள் அனைவரும் நடிகைகள் ஆகிவிடவில்லை. துயரம் ஒருவரிடம் இருப்பது வேறு. படப்பிடிப்புக் கருவிக்கு முன்னால், குறித்த இடத்தில் நின்று, குறித்த வசனத்தைச் சொல்லும்போது அதை வேறொரு பெண்ணின் துயரமாக மாற்றித் தருவது வேறு. இரண்டாவது, முப்பது ஆண்டுகள் மேடையிலும் ஒளிப்பதிவுக் கூடத்திலும் கற்ற தொழில். சோகத்தின் பெயரால் அந்த உழைப்பை நாம் மறைத்துவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'எ உமன்ஸ் டேல்' 1991-இல் வந்தது. நெதர்லாந்தில் பிறந்து மெல்பர்னில் குடியேறிய இயக்குநர் பால் காக்ஸ், அவருக்காகவே உருவாக்கிய படம். திரைக்கதையில் நாடகாசிரியர் பேரி டிக்கின்ஸும் பங்கேற்றார். எண்பது வயதை நெருங்கும் மார்த்தா புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறாள். மகன் அவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப விரும்புகிறான். அவளோ தன் வீட்டில், தன் விருப்பப்படி சாக விரும்புகிறாள். வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் இளம் செவிலியான அன்னாவாக கோஷா டோப்ரோவோல்ஸ்கா நடித்தார். நார்மன் கே பக்கத்து வீட்டு முதியவராக வந்தார். படப்பிடிப்பின்போது ஷீலா ஃபுளோரன்ஸ் தாமே புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். போர்க்கால இழப்பின் நினைவும் படத்தில் இடம்பெறுகிறது.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் மார்த்தா ஷீலா அல்ல. மார்த்தாவின் தனிமை, குறும்பு, அன்னாவின் காதல் சந்திப்புகளுக்குத் தன் படுக்கையறையையே விட்டுக்கொடுக்கும் தாராளம், மகனிடம் காட்டும் பிடிவாதம் ஆகியவை ஒரு பாத்திரத்துக்கென அளந்து வைக்கப்பட்டவை. முதுமையடைந்த உடலை மறைப்பின்றிக் காட்டும் குளியல் காட்சியை நினைத்துப் பாருங்கள். அது நோயாளியின் உடல்தான். ஆனால் அந்தக் காட்சியில் நாம் பார்ப்பது பரிதாபத்துக்குரிய ஒருவரை அல்ல, நீரின் வெதுவெதுப்பை அனுபவிக்கும் ஒருவரை. அனுதாபத்தைத் தட்டி எழுப்ப இவ்வளவு எளிய வாய்ப்பு கையில் இருந்தும் அதைத் தொடாமல் விட்டாரே, அது ஒரு முடிவு, கலைஞரின் முடிவு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு முழு நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகை விருது 1991 அக்டோபரில் அவருக்கு வழங்கப்பட்டது. சில நாட்களில், அதே மாதம் 12-ஆம் தேதி, 75-ஆம் வயதில் காலமானார். வாழ்நாள் முழுவதும் துணைப் பாத்திரங்களைச் சுமந்தவர், திரைப்படம் ஒன்றின் முழு மையமாக நின்றது இந்த ஒருமுறைதான்.

பழம்படச்சுருள்:

மேடையொளி அவர்களின் வாதத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஒரு சிறு மாறுபாடு மட்டும். பால் காக்ஸ் அந்த நடிகையின் வாழ்க்கையை அறிந்தே அந்தப் படத்தை அமைத்தார். ஆகவே பார்வையாளர் அதை அறிந்துகொண்டு பார்ப்பதில் தவறில்லை. லிசிக்கு அப்படி இல்லை. லிசியின் குடியும் கும்மாளமும் எழுத்தாளர்கள் வாரவாரம் அவசரமாக எழுதித் தந்தவை. அங்கே வாழ்க்கை வரலாற்றைத் தேடினால் வழி தவறிப்போகும். மேலும், அவர் கடைசிக் காலம் வரை சிறிய வேடங்களைத் தாழ்வாக நினைத்தவர் அல்லர். 'ப்ரிசனர்' தந்த புகழுக்குப் பிறகும் 1986-இல் காக்ஸின் 'காக்டஸ்' படத்தில் ஒரு துணைப் பாத்திரத்தில் வந்தார்.

திரைவாசகி அவர்களுக்கு ஒரு பரிந்துரை. 'ப்ரிசனர்' முழுவதையும் பார்ப்பது நடைமுறையில் இயலாத காரியம். முதல் ஆண்டுப் பகுதிகளை வரிசையாகப் பாருங்கள். லிசியின் விடுதலையும் திரும்புதலும் அவற்றை ஒட்டியே வருகின்றன. அதன் பிறகு 'எ உமன்ஸ் டேல்' பார்க்கலாம். 'ஹோமிசைட்' பகுதிகள் கிடைத்தால் அவற்றை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலேயே எந்தப் பகுதியில் அவர் வருகிறார் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.